மதியச் சோற்று டப்பா: ஹலால் பார்க்கிறோம், தய்யிப் பார்க்கிறோமா?

வெள்ளிக்கிழமைதோறும் நம் வீடுகளில் சூரத்துல் கஹ்ஃப் ஓதப்படுகிறது. அந்த ஒரே அத்தியாயத்தில் உணவைப் பற்றிய செய்தி இரண்டு இடங்களில் வருவதை நம்மில் பலரும் கவனித்திருக்க மாட்டோம்.

முதலாவது, குகைத் தோழர்களின் வரலாறு. நீண்ட உறக்கத்திலிருந்து எழுந்த அந்த இளைஞர்கள் தங்களில் ஒருவரிடம் வெள்ளிக்காசைக் கொடுத்து நகரத்துக்கு அனுப்புகிறார்கள். அவர்கள் பசியோடு இருந்தவர்கள். உயிருக்கு அஞ்சி ஒளிந்திருந்தவர்கள். அந்த நிலையிலும் கிடைத்ததை வாங்கி வரும்படி அவர்கள் சொல்லவில்லை. எந்த உணவு மிகத் தூய்மையானது என்று பார்த்து வாங்கி வரச் சொன்னார்கள் (அல்குர்ஆன் 18:19).

இரண்டாவது, நபி மூஸா (அலை) அவர்களின் பயணம். கல்வி தேடிப் புறப்பட்ட அவர்கள், தம் உதவியாளரான இளைஞருடன் ஒரு கூடையில் மீனை எடுத்துச் சென்றார்கள். நடந்து களைத்தபோது அந்த உணவைக் கொண்டு வரச் சொன்னார்கள் (18:62). அந்த வசனத்தில் வரும் 'கதாஃ' என்ற சொல்லைத்தான் இன்றைய அரபு நாடுகளில் மதிய உணவுக்குச் சொல்கிறார்கள். கல்விக்காக வெளியே போனவர் கையில் உணவும் இருந்தது என்பதை குர்ஆனே பதிவு செய்திருக்கிறது.

தூய்மையான உணவைத் தேடுவது, வெளியே போகும்போது உணவைக் கையோடு எடுத்துப் போவது. இந்த இரண்டு பாடங்களும் இன்று பள்ளிக்கும் வேலைக்கும் போகிற ஒவ்வொருவருக்கும் தேவைப்படுகின்றன.

வெறுங்கையோடு போவது தவக்குல் ஆகாது

யமன் நாட்டிலிருந்து சிலர் ஹஜ்ஜுக்கு வருவார்கள். பயணத்துக்கு உணவு எதுவும் கொண்டு வர மாட்டார்கள். நாங்கள் அல்லாஹ்வை நம்பி வந்திருக்கிறோம் என்பார்கள். மக்காவுக்கு வந்ததும் மக்களிடம் கையேந்துவார்கள். இந்தப் பின்னணியில்தான் பயணத்துக்கு வேண்டிய உணவைச் சேகரித்துக் கொள்ளும்படியும், சேகரிப்பதில் மிகச் சிறந்தது இறையச்சம் என்றும் கூறும் வசனம் (2:197) அருளப்பட்டதாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் விளக்கினார்கள் (நூல்: புகாரி).

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஹிரா குகைக்குச் சென்று பல இரவுகள் வணக்கத்தில் ஈடுபடுவார்கள். அதற்கான உணவை வீட்டிலிருந்து எடுத்துச் செல்வார்கள். தீர்ந்ததும் அன்னை கதீஜா (ரலி) அவர்களிடம் திரும்பி வந்து மீண்டும் எடுத்துச் செல்வார்கள். ஹிஜ்ரத்தின்போது தந்தைக்கும் நபியவர்களுக்கும் பயண உணவைத் தயாரித்தவர் அஸ்மா பின்த் அபீபக்ர் (ரலி). உணவுப் பையைக் கட்டக் கயிறு கிடைக்கவில்லை. தம் இடுப்புக் கச்சையையே இரண்டாகக் கிழித்துக் கட்டினார்கள். அதனால்தான் 'தாத்துன் நிதாகைன்', அதாவது இரு கச்சைக்காரர் என்ற சிறப்புப் பெயர் அவர்களுக்குக் கிடைத்தது (நூல்: புகாரி). ஒரு பெண் சோறு கட்டிக் கொடுத்த செயலை இஸ்லாமிய வரலாறு எவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

நம் ஊர்ப்பக்கத்தின் நிலை

தாமல், காஞ்சிபுரம் மாவட்டத்தில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். பெரிய ஏரியும் நெல் வயல்களும் உள்ள பூமி. தாமலிலிருந்து உத்திரமேரூர் வட்டாரம் வரையுள்ள கிராமங்களில், வயல் வேலைக்குப் போனவர்கள் தூக்குவாளியில் கேழ்வரகுக் கூழோ, மோர் ஊற்றிய பழைய சோறோ, ஒரு துண்டு கருவாடோ எடுத்துப் போனார்கள். இன்று அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை பக்கம் வேலைக்குப் போகிறார்கள். சிலர் காஞ்சிபுரத்தில் கடைகளில் நிற்கிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்கும் கல்லூரிக்கும் பஸ்ஸில் போகிறார்கள். தூக்குவாளி போய்விட்டது. அதன் இடத்தில் பலருக்கு எதுவும் வரவில்லை.

காலையில் ஒரு டீ, பன். மதியம் ரோட்டோரக் கடையில் ஒரு பிளேட் ஃப்ரைடு ரைஸ் அல்லது பரோட்டா. பிள்ளைகளுக்குப் பத்து ரூபாய் நோட்டு; அது சிப்ஸ் பாக்கெட்டாக மாறிவிடுகிறது. கணக்கைப் பாருங்கள். வெளியில் ஒரு வேளைக்கு 80 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 25 வேலை நாளுக்கு 2,000 ரூபாய். ஆண்டுக்கு 24,000 ரூபாய். ஒரே வீட்டில் இருவர் வேலைக்குப் போனால் 48,000. பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடன் கேட்டு அலைகிற வீடுகளில்தான் இந்தப் பணம் கண்ணுக்குத் தெரியாமல் கரைகிறது.

பணத்தைவிடப் பெரிய இழப்பு உடலில் நடக்கிறது. 2019–21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. இரண்டில் ஒரு பெண்ணுக்கு மேல்! படித்தது மனதில் நிற்கவில்லை, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, எப்போதும் அசதி என்று நம் பெண் பிள்ளைகள் சொல்லும்போது அதைச் சோம்பல் என்று திட்டுகிறோம். அவள் டப்பாவில் என்ன இருந்தது என்று கேட்பதில்லை.

பிறர் சமைப்பதை மட்டுமே நம்பியிருப்பதன் ஆபத்தையும் நம் பகுதி பார்த்திருக்கிறது. 2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து பாக்ஸ்கான் தொழிற்சாலையில் வேலை செய்த பெண்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர், விடுதி உணவு ஒத்துக்கொள்ளாமல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகளின் நிலை தெரியாமல் தவித்த பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தார்கள். விடுதியில் தங்குபவர்களுக்கு வேறு வழி குறைவு. வீட்டிலிருந்து போய் வருகிறவர்களுக்கு வழி இருக்கிறது. அதை ஏன் விட வேண்டும்?

ஹலாலோடு நின்றுவிடுகிறோம்

கடையில் பிரியாணி வாங்கும்போது 'ஹலாலா?' என்று கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். ஆனால் பூமியில் உள்ளவற்றை உண்ண அனுமதிக்கும் வசனத்தில் (2:168) அல்லாஹ் ஹலால் என்பதோடு தய்யிப் என்ற சொல்லையும் சேர்த்தே கூறுகிறான். தய்யிப் என்றால் தூய்மையானது, நல்லது, தீங்கு தராதது. பலமுறை காய்ந்து கறுத்த எண்ணெயில் பொரித்த கோழி முறைப்படி அறுக்கப்பட்டதாக இருக்கலாம். அது தய்யிபா என்று நாம் யோசிப்பதில்லை. அதுபோலவே, உண்ணவும் பருகவும் அனுமதித்த இறைவன் அதே வசனத்தில் விரயத்தைத் தடுக்கிறான் (7:31). மலிவாகவும் நல்லதாகவும் ஒரு டப்பாவைக் கட்டுவது இந்த இரு கட்டளைகளையும் ஒருசேர நிறைவேற்றும் வழி.

பள்ளியில் கிடைப்பதை ஒதுக்க வேண்டாம்

டப்பாவைப் பற்றிப் பேசுமுன் ஒன்றைச் சொல்ல வேண்டும். பள்ளியில் உணவு தருவதில் தமிழ்நாடு மற்ற மாநிலங்களுக்கு முன்னோடி. 1920இல் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் நீதிக்கட்சிக் காலத்தில் தொடங்கியது. 1956இல் காமராஜர் விரிவாக்கினார். 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டமாக்கினார், கருணாநிதி ஆட்சியில் முட்டை சேர்ந்தது, 2022 செப்டம்பர் 15இல் மு.க. ஸ்டாலின் மதுரையில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவையும் தொடங்கி வைத்தார்.

கலவை சாதமும் முட்டையும் கிடைக்கும் அந்த உணவில் மார்க்கத்துக்கு முரணானது எதுவும் இல்லை. ஆனாலும் சில வீடுகளில் 'எங்கள் பிள்ளை சத்துணவில் சாப்பிடாது' என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் பெருமைக்குப் பதிலாகப் பிள்ளை கையில் போவது நூடுல்ஸ். அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை அங்கேயே சாப்பிடட்டும். வீட்டிலிருந்து ஒரு பழமோ கொஞ்சம் சுண்டலோ கொடுத்தனுப்பினால் போதும்.

சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடும். பிளஸ் ஒன் சேரும் பெண் பிள்ளைக்கு இரும்புச்சத்து மிக அதிகமாகத் தேவைப்படும் வயது அது. சரியாக அந்த வயதில்தான் பள்ளி உணவு நிற்கிறது. வீட்டு டப்பா அந்த இடத்தை நிரப்பியாக வேண்டும். வாரந்தோறும் பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையையும், சாப்பிட்ட பிறகு போட்டுக்கொள்ளச் சொல்லி ஊக்கப்படுத்துங்கள்.

டப்பாவில் என்ன இருக்க வேண்டும்?

நம் டப்பாக்களில் பெரும்பாலும் முக்கால் பங்கு சோறு, மூலையில் கொஞ்சம் உருளைக்கிழங்கு அல்லது ஊறுகாய். வயிறு நிறைகிறது, உடல் நிறைவதில்லை. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்று நபி (ஸல்) அவர்கள் அளவு காட்டினார்கள் (நூல்: திர்மிதி). டப்பாவுக்கும் எளிய அளவு ஒன்று சொல்லலாம்: பாதிக்கு மேல் சோறோ சப்பாத்தியோ வேண்டாம். மீதிப் பாதியை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் பருப்பு, பயறு, முட்டை, மீன் இவற்றில் ஏதாவது ஒன்று. மற்றதில் காய் அல்லது கீரை.

புரதம் என்றால் கறியும் கோழியும்தான் என்று நினைக்க வேண்டாம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. ஐம்பது கிராம் கறுப்புக் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் அதிலிருந்து சுமார் 10 கிராம் கிடைக்கும். நூறு கிராம் நிலக்கடலையில் சுமார் 25 கிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பெரியவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் வீதம் ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கிறது. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது சுமார் 46 கிராம். மதிய டப்பாவில் ஒரு முட்டையும் ஒரு கைப்பிடிச் சுண்டலும் இருந்தாலே அதில் மூன்றில் ஒரு பங்கு வந்துவிடும்.

ரேஷனில் அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். இவற்றை வாங்காமல் விடும் வீடுகள் வாங்கத் தொடங்கட்டும். ரேஷன் அரிசியில் கலந்திருக்கும், நிறம் கொஞ்சம் மாறிய மணிகளைப் 'பிளாஸ்டிக் அரிசி' என்று பொறுக்கி எறிகிறவர்கள் இருக்கிறார்கள். அவை இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்துச் செய்த செறிவூட்டப்பட்ட அரிசி. நீரில் மிதந்தாலும் அரிசிதான். பெண் பிள்ளைக்கு வேண்டிய சத்தை நாமே தூக்கி எறிய வேண்டாம்.

கீரை, பயறு இவற்றில் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்பதில்லை. கூடவே எலுமிச்சை, நெல்லி, கொய்யா என்று வைட்டமின் சி உள்ளது ஏதேனும் இருந்தால் நன்றாக ஏற்கும். ஆகவே சுண்டலில் எலுமிச்சை பிழியுங்கள். டப்பாவோடு ஒரு கொய்யாத் துண்டு வையுங்கள். சாப்பிட்ட உடனே டீ குடிக்கும் பழக்கம் இதற்கு நேர் எதிரி. டீயை ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள்.

ஒரு வாரத்துக்கு ஓர் ஒழுங்கு

திங்கள்: முருங்கைக்கீரை போட்ட பருப்பு சாதம், அவித்த முட்டை.

செவ்வாய்: எலுமிச்சை சாதம், கறுப்புக் கொண்டைக்கடலைச் சுண்டல், கேரட் பொரியல்.

புதன்: சப்பாத்தி, கெட்டியாக வைத்த பச்சைப்பயறு கூட்டு, கொய்யா.

வியாழன்: தயிர் சாதம், பீன்ஸ் அல்லது கோஸ் பொரியல், வறுத்த நிலக்கடலை ஒரு கைப்பிடி.

வெள்ளி: காய்கறியும் மீல்மேக்கரும் போட்ட குஸ்கா. ஜும்ஆவுக்கு ஓடும் அவசரத்தில் நின்றபடி சாப்பிட்டு முடிக்காமல், தொழுகைக்குப் பின் அமர்ந்து சாப்பிட நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

சனி: கேழ்வரகு அடை அல்லது மிளகும் சீரகமும் சுக்கும் போட்ட காஞ்சிபுரம் இட்லி, நிலக்கடலைப் பொடி. இரண்டுமே குழம்பு இல்லாமல் கையில் எடுத்துச் சாப்பிடக் கூடியவை.

மத்தி மீனோ, ஏரி மீனோ மலிவாகக் கிடைக்கும் நாளில் வறுத்து வைக்கலாம். இதில் எதற்கும் தனிச் சமையல் தேவையில்லை. வீட்டில் எல்லோரும் சாப்பிடுவதையே கட்டிக் கொடுப்பதுதான் செலவைக் குறைக்கும் முதல் வழி.

காலை நேரத்தில் தம் சமுதாயத்துக்கு பரக்கத் செய்யும்படி நபி (ஸல்) அவர்கள் துஆ செய்தார்கள் (நூல்: அபூதாவூத், திர்மிதி). இஷாவுக்குப் பின் செல்போனோடு உட்காராமல் படுத்து, ஃபஜ்ருக்கு எழுகிற வீட்டில் டப்பா கட்ட நேரம் தானாகவே கிடைக்கிறது. இரவே பயறை ஊறப்போட்டு, காயை நறுக்கி வைத்துவிட்டால் காலையில் அடுப்பு வேலை அரை மணி நேரம்தான்.

மதியம் வரை கெடாமல் இருக்க

நம் ஊர் வெயிலில் இது முக்கியம். வடித்த சோற்றை நீண்ட நேரம் வெதுவெதுப்பாக வைத்தால் அதில் கிருமிகள் பெருகி நச்சு உண்டாகும். மீண்டும் சூடாக்கினாலும் அந்த நச்சு போகாது. ஆகவே முந்தைய நாள் வெளியில் இருந்த பிரியாணியைக் காலையில் சூடாக்கிக் கட்டிக் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். காலையில் ஆக்கிய சோற்றை அகலத் தட்டில் பரப்பி, ஆவி அடங்கியபின் டப்பாவில் போட்டு மூடுங்கள்.

தயிர் சாதத்துக்குக் காய்ச்சி ஆறிய பாலை அதிகமாகவும் தயிரைக் கொஞ்சமாகவும் விட்டுப் பிசைந்தால் மதியத்துக்குள் புளிக்காமல் உறைந்திருக்கும். தேங்காய்ச் சட்னி சீக்கிரம் கெடும். அதற்குப் பதில் பொடியோ புளி சேர்த்த துவையலோ வையுங்கள்.

எவர்சில்வர் டப்பாவே நல்லது. சூடான சாம்பாரைப் பிளாஸ்டிக் கவரில் ஊற்றுவதும், சப்பாத்தியைச் செய்தித்தாளில் சுற்றுவதும் வேண்டாம். அச்சு மை உணவில் ஒட்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே எச்சரித்திருக்கிறது.

டப்பா திறக்கும் இடத்திலும் மார்க்கம் இருக்கிறது

பிஸ்மில்லாஹ் சொல்லி, வலக்கையால், தனக்கு முன்னால் இருப்பதிலிருந்து உண்ணும்படி சிறுவர் உமர் பின் அபீஸலமா (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் கற்றுக் கொடுத்தார்கள். பள்ளியில் டப்பா திறக்கும் நம் பிள்ளைக்கும் அதே பாடம்தான்.

அஷ்அரீ கோத்திரத்தார் உணவு குறைந்துபோனால் ஒவ்வொருவரிடமும் இருப்பதை ஒரே துணியில் கொட்டி, ஒரே பாத்திரத்தால் சமமாகப் பங்கிட்டுக் கொள்வார்கள். அவர்களைத் தம்மவர் என்று நபி (ஸல்) அவர்கள் பாராட்டினார்கள் (நூல்: புகாரி). கம்பெனி கேன்டீனிலும் வகுப்பறையிலும் உணவு கொண்டு வராத ஒருவர் இருப்பார். அவருக்கென்று ஒரு கரண்டி கூடுதலாக வைத்து அனுப்புங்கள். சைவம் மட்டும் உண்ணும் நண்பர்கள் பக்கத்தில் இருந்தால் கறி, மீன் டப்பாவைக் கொஞ்சம் தள்ளி அமர்ந்து திறப்பது பண்பு. பூண்டு, வெங்காய வாடையோடு பள்ளிவாசலுக்கு வருவதையே நபியவர்கள் தடுத்தார்கள் என்றால், பக்கத்தில் இருப்பவரின் மனம் கோணாமல் நடப்பது எவ்வளவு முக்கியம்!

கட்டிக் கொடுப்பவருக்கு யார் கட்டிக் கொடுப்பது?

இவ்வளவும் படித்துவிட்டு, 'நாளை முதல் இப்படிச் செய்' என்று மனைவியிடம் பட்டியலை நீட்டினால் இந்தக் கட்டுரையின் நோக்கம் கெட்டுவிடும். நம் வீடுகளில் நான்கு பேருக்கு டப்பா கட்டிவிட்டு, மிஞ்சியதை மாலை மூன்று மணிக்குச் சாப்பிடும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களும் வேலைக்குப் போகிறவர்களாக இருந்தால் பல நாள் டப்பாவே இல்லாமல் ஓடுகிறார்கள். மேலே சொன்ன 53.4 சதவீதத்தில் அவர்களும் அடக்கம்.

நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, வீட்டாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) பதிலளித்தார்கள். எந்த உணவையும் அவர்கள் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுவார்கள் (நூல்: புகாரி). ஆகவே ஆண்கள் காய் நறுக்கட்டும். வளர்ந்த பிள்ளைகள் தங்கள் டப்பாவைத் தாங்களே கழுவி, தாங்களே நிரப்பட்டும். 'இன்றும் இதுதானா?' என்ற சொல் நம் வீட்டில் நிற்கட்டும். வரிசையில் முதல் டப்பா வீட்டுப் பெண்ணுக்கு நிரம்பட்டும். அதில் முட்டை இருக்கிறதா என்று கணவர் பார்க்கட்டும்.

இந்த வாரம் ஒன்றே ஒன்று செய்து பாருங்கள். வெளியில் சாப்பிடும் நாட்களில் மூன்றை மட்டும் வீட்டு டப்பாவாக மாற்றுங்கள். மிச்சமாகும் காசை ஒரு உண்டியலில் போட்டு வையுங்கள். மாதக் கடைசியில் அதில் ஒரு பகுதி பிள்ளையின் படிப்புக்கும், ஒரு பகுதி பசித்த ஒருவரின் உணவுக்கும் போகட்டும்.

ஹலாலானதும் தூய்மையானதுமான உணவை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் வல்ல அல்லாஹ் வழங்குவானாக! அதைச் சமைத்துத் தரும் கரங்களுக்கு நோயற்ற வாழ்வையும் நிறைந்த கூலியையும் அருள்வானாக! ஆமீன்.